லெமுல்கோ தீவின் கரைநீளம்

கப்பல் கசிந்தது செவ்வாய் இரவு.
வால்வில் கால் திருகு மிச்சம் இருந்ததாம்.
அவ்வளவுதான்.

புவேர்த்தோ மோன்த்திலிருந்து
ஐம்பது கணிப்புகள் வந்தன,
ஒவ்வொன்றிலும் காற்றை ஒரு மயிரிழை மாற்றி.
முதல் ஆறு மணி நேரம்
ஐம்பதும் ஒரே கயிறு.
பிறகு பிரிபிரியாய் அவிழ்ந்து
நாற்பத்தேழு வடக்கே போயின.
மிதவைத் தடுப்பை வடக்கே விரித்தோம்.
எண்ணெய் மீதி மூன்றின் வழியே
தெற்கே வந்தது.
கணிப்பு பொய் சொல்லவில்லை.
மூன்று என்று தெளிவாய் எழுதியிருந்தது.
நாங்கள்தான் அதைப் பூச்சியம் என்று படித்தோம்.

என் வேலை அதற்கப்புறம்.
நில அளவைக்காரி நான்.
நட்டஈடு மீட்டர் கணக்கில்.

காஸ்த்ரோ நீதிமன்றத்தில், கொட்டுகிற மழையில்,
கம்பெனி வக்கீல் எச்செனிக்கே
கவராயத்தை ஒரு கிலோமீட்டருக்கு விரித்து
வரைபடத்தின் ஓரமாய் நடத்திக் காட்டினார்.
முப்பத்தெட்டு எட்டு.
முப்பத்தெட்டு கிலோமீட்டர்.
தப்பில்லை.

அதே கவராயத்தை நூறு மீட்டருக்கு ஒடுக்கினேன்.
எழுபத்தாறு.
பத்து மீட்டருக்கு ஒடுக்கினேன்.
நூற்றைம்பத்திரண்டு.
"அம்மணி கரை அளக்கிறாரா,
கதை அளக்கிறாரா?"
சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு மீட்டர் கோல் என்றால் முந்நூறைத் தாண்டும் ஐயா.
குடாவுக்குள் ஒரு குடா,
அதன் இடுக்கில் இன்னொன்று,
அங்கே ஒரு பாறை,
பாறை விளிம்பில்
தீவின் படம் முழுசாக மறுபடியும்,
சின்னதாய்,
கொஞ்சம் தப்புந்தவறுமாய்.
கோல் சிறுக்கச் சிறுக்கக் கரை வளரும்.
வளர்கிற வேகத்தை மட்டும்
எந்தக் கோலாலும் மாற்ற முடியவில்லை.

நீதிபதி பாரியெந்தோஸ் கண்ணாடியைக் கழற்றினார்.
"எனக்கு ஒரே ஒரு எண் வேண்டும்."
தாளில் எழுதிக் கொடுத்தேன்: 1.3
"என்ன அலகு?"
அலகு கிடையாது. இது கரையின் முரட்டுத்தனம்.
கோட்டுக்கு ஒன்று, தளத்துக்கு இரண்டு.
லெமுல்கோ நடுவில் எங்கோ கிடக்கிறது.
எழுத்தர் பேனாவைத் தூக்கியபடி
எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து
சிப்பி பொறுக்கும் எடெல்மிரா நாவெல்கின்
பிளாஸ்டிக் பையோடு எழுந்து வந்தாள்.
கூப்பிடாத சாட்சி.
மேசையில் ஒரு கொத்து சோரோ சிப்பிகளைக் கொட்டினாள்.
கறுப்புச் சிப்பிதான் எப்போதும்;
இது வேறு கறுப்பு.
இரண்டு ஓடுகளின் நடுவே கத்தியை நுழைத்தாள்.
நுழையவில்லை.
"என் கத்தி போகாத இடத்துக்கும்
அது போயிருக்கு.
அது எந்தக் கோலால் அளந்துச்சோ
அதாலயே அளங்க."

எச்செனிக்கே ஆட்சேபித்தார்.
பாரியெந்தோஸ் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார்.
நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்:
ஐந்து சென்டிமீட்டர், ஒரு சிப்பியின் நீளம்,
எழுநூறைத் தாண்டுகிறது.
நாங்கள் சண்டை போட்டது கரையின் நீளத்துக்கு.
அவள் கொண்டுவந்தது கறையின் நீளம்.

தீர்ப்பு மே மாதம் வந்தது.
கோல்: பத்து மீட்டர்.
காரணம்: துப்புரவுப் படகின் நீளம் பத்து மீட்டர்.
இதைவிட மோசமான காரணங்களை
நான் கேட்டிருக்கிறேன்.
நூற்றைம்பத்திரண்டு கிலோமீட்டருக்குப் பணம்.
படகின் மூக்கு நுழையாத இடமெல்லாம்
கடலின் பொறுப்பு.

கையெழுத்து வாங்கத் தீவுக்குப் போனேன்.
வற்றுநீர். எடெல்மிரா முட்டிபோட்டு
ஒரு கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்,
பழைய பல் பிரஷால்.
நிமிரவில்லை.
"இந்தக் கல்லைச் சுற்றி எவ்வளவு?" என்றாள்.

டேப்பை எடுத்தேன்.
கல்லின் முதல் பள்ளம் வரை பிடித்தேன்.
பள்ளத்துக்குள் ஒரு பள்ளம் இருந்தது.

டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு
இன்னொரு பிரஷ் இருக்கிறதா என்று கேட்டேன்.